இங்கிலாந்துல பார்ன் வீடும் குதிரைக்கு நிலமும் சேர்த்து வாங்கப் போறீங்களா, வீட்ட கடைசியா பாருங்க

நைட்டு பதினோரு மணிக்கு மேல போன்ல வீடு பாக்குற பழக்கம் இருக்கிறவங்களுக்கு பழைய பண்ணைக் கொட்டகைய வீடா மாத்துன பார்ன் வீட்டு போட்டோ நல்லாவே தெரியும். ஓக் மர உத்தரம் குறுக்கும் நெடுக்குமா போகும், ரெண்டு மாடி உயரத்துக்கு கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சைப் பசேல்னு புல்லு, அதுல ரெண்டு குதிரை மேயும், கீழ "6 ஏக்கர், குதிரை வளர்க்க ஏத்த இடம்"னு ஒரு வரி. லண்டன்ல ஹாரோலயோ ஈஸ்ட்ஹாம்லயோ வரிசையா ஒட்டி இருக்கிற டெரஸ் வீட்ட வித்தா என்ன வரும்னு கணக்கு போட்டு வச்சுட்டு, பொண்ணு வேற ரைடிங் க்ளாஸ் சேந்ததுலேர்ந்து குதிரை குதிரைன்னு உசுர வாங்குறா, வாங்கிடலாமா அண்ணான்னு கேக்குறவங்க இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

நான் சொல்றது எல்லாம் இங்கிலாந்து கணக்கு. வேல்ஸ், ஸ்காட்லாந்துல பிளானிங் சட்டமும் வேற, வீடு வாங்குற வரியும் வேற, அங்க வாங்குறவங்க இத அப்படியே எடுத்துக்காதீங்க.

பொதுவா என்ன நடக்குதுன்னா, போன உடனே வீட்டுக்குள்ள போயி உத்தரத்த அண்ணாந்து பாத்து மயங்கிடறாங்க, அப்புறம் நிலத்த கேட்கிட்ட நின்னு ஒரு பார்வ பாத்துட்டு ஓகே சூப்பர்னு வந்துடறாங்க. அப்படியே தலைகீழா பண்ணுங்க. நிலம் தேறுதா, அந்த நிலத்துல குதிரை வச்சுக்க பேப்பர்ல இடம் இருக்கா, இந்த ரெண்டும் சரியா இருந்தாதான் வீட்டுக்குள்ளயே கால் வைக்கணும். கூரை ஒழுகுனா காசு போட்டு மாத்திக்கலாம். மண்ணு களிமண்ணா இருந்தா அத என்ன பண்ணுவீங்க?

சிவப்புக் கோடு

பார்ன்ங்கறது கதிர் அடிக்கவும் தானியம் வைக்கோல் போட்டு வைக்கவும் கட்டுன கொட்டகை. பழைய மரச்சட்ட பார்ன்ல எதிரும் புதிருமா ரெண்டு பெரிய கதவு இருக்கும், ரெண்டையும் தொறந்து விட்டு காத்து குறுக்க ஓடும்போது நடுவுல கதிர அடிச்சு தூத்துவாங்க, இன்னைக்கு ரெண்டு மாடி உயர கண்ணாடின்னு போட்டோவுல பாக்குறது பல வீட்டுல அந்தக் கதவு இருந்த இடம்தான். இத வீடாக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, உள்ளூர் கவுன்சில்ல முழு பிளானிங் பெர்மிஷன், அதாவது கட்டட, நில உபயோக அனுமதி, வாங்குறது. ரெண்டாவது கிளாஸ் க்யூன்னு ஒரு ஷார்ட் கட், 2014-ல வந்தது, விவசாயக் கட்டடத்த முழு அப்ளிகேஷன் இல்லாம வீடா மாத்திக்கலாம், கவுன்சில் சில விஷயத்த மட்டும் பாத்து ஓகே சொல்லும். 2024 மே மாசம் இத இன்னும் தளர்த்துனாங்க, ஒரு பண்ணையில 10 வீடு வரைக்கும், ஒவ்வொண்ணும் 150 சதுர மீட்டருக்குள்ள, மொத்தம் 1,000 சதுர மீட்டர். நேஷனல் பார்க்குக்குள்ளயும், பாரம்பரியப் பட்டியல்ல இருக்கிற லிஸ்டட் கட்டடத்துக்கும் இது கிடையாது.

நீங்க பாக்குற வீடு எந்த வழியில வந்ததுன்னு முதல்ல கண்டுபிடிங்க. கவுன்சில் வெப்சைட்ல பிளானிங் பக்கத்துல போயி முகவரிய போட்டா பழைய பேப்பர் எல்லாம் ஃப்ரீயா வரும், ஏஜெண்ட்ட கேக்கவே வேணாம். அதுல சைட் பிளான்னு ஒரு வரைபடம் இருக்கும், அதுல சிவப்புக் கோடு போட்டிருப்பாங்க. வீடா மாத்துனது அந்தக் கோட்டுக்குள்ள இருக்கிறது மட்டும்தான். கோட்டுக்கு வெளிய இருக்கிற அந்த அழகான 6 ஏக்கர் சட்டப்படி இன்னும் விவசாய நிலம், உங்க தோட்டம் இல்ல.

கிளாஸ் க்யூ வீடுன்னா இது இன்னும் இறுக்கம். வீட்டச் சுத்தி தோட்டம்னு எடுத்துக்கக் கூடிய இடம் அந்தக் கட்டடம் எவ்வளவு தரைய அடைக்குதோ அதுக்கு மேல போகக் கூடாது. 150 சதுர மீட்டர் கட்டடம்னா 150 சதுர மீட்டர் தோட்டம், அவ்ளோதான். அதுக்கு வெளிய டிராம்போலினும் பார்பிக்யூவும் புல்வெட்டி ஓட்டுன லானும் போட்டு வச்சிருந்தாங்கன்னா விக்கிறவர் விதிய மீறி இருக்காருன்னு அர்த்தம், வாங்குன மறுநாள்லேர்ந்து அது உங்க தலைவலி. இன்னொண்ணு, சாதாரண வீட்டுல தோட்டத்துல ஷெட்டு, சின்ன லாயம் எல்லாம் ஒரு அளவு வரைக்கும் பெர்மிஷன் இல்லாம கட்டிக்கலாம் இல்லையா, கிளாஸ் க்யூ வீட்டுக்கு அந்த உரிமையே கிடையாது. ஒரு ஷெட்டுக்கும் அப்ளிகேஷன் போடணும்.

குதிரை விவசாயம் இல்ல

இது நம்ம ஆளுங்களுக்கு சொன்னா நம்பவே மாட்டாங்க. மாடு வச்சா விவசாயம், ஆடு வச்சா விவசாயம், சொந்த சவாரிக்கு குதிரை வச்சா விவசாயம் இல்ல. குதிரை நிலத்துல மேய மட்டும் செஞ்சா பரவால்ல, மேய்ச்சல் நிலமா பயன்படுத்துறது விவசாயம்தான்னு 1981-லயே ஒரு கேஸ்ல தீர்ப்பு வந்துருச்சு. ஆனா தினமும் ஹே, அதாவது காய வச்ச புல்லு, கொண்டு வந்து போடறீங்க, ஜம்ப் கட்டை வைக்கிறீங்க, அங்கயே ஓட்டிப் பழகுறீங்கன்னா அது குதிரை வளர்ப்பு உபயோகம், நிலத்தோட பயன்பாட்ட மாத்த தனியா பெர்மிஷன் வாங்கணும். 6 ஏக்கர்ல 2 குதிரை வெறும் புல்ல மேஞ்சுட்டு இருந்தா யாரும் கேக்கப் போறதில்ல, 2 ஏக்கர்ல 4 குதிரைய வச்சு வருசம் பூரா ஹே போட்டீங்கன்னா அது மேய்ச்சல்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

அதனால கேக்க வேண்டிய கேள்வி "இங்க குதிரை இருந்துச்சா" இல்ல, "குதிரை உபயோகத்துக்கு பேப்பர் இருக்கா". பழைய ஓனர் அனுமதி இல்லாமயே 10 வருசத்துக்கு மேல விடாம குதிரை வச்சிருந்தா, அதுக்கு ஆதாரம் காட்டி, அந்த உபயோகம் சட்டப்படி செல்லும்னு சொல்ற லாஃபுல்னஸ் சர்ட்டிஃபிகேட்னு கவுன்சில்ல ஒண்ணு வாங்கலாம். அத விக்கிறவர் செலவுல, நீங்க வாங்குற கான்ட்ராக்ட் கைமாறுறதுக்கு முன்னாடி வாங்கித் தரச் சொல்லுங்க. வெட் (குதிரை டாக்டர்) பில்லு, லாடம் அடிக்கிறவர் பில்லு, வருசவாரியா வானத்துலேர்ந்து எடுத்த போட்டோ எல்லாம் அவர்கிட்டதான் இருக்கும், வித்துட்டுப் போனப்புறம் போன் எடுக்க மாட்டாரு.

லாயம் கட்டவும், ஓட்டிப் பழகுற மணல் அரீனா போடவும் அனுமதி வேணும். அரீனா வழக்கமா 20க்கு 40 மீட்டர் போடுவாங்க. அனுமதி குடுத்தாலும் ஃப்ளட் லைட் கூடாதுன்னு கண்டிஷன் போடறது ரொம்ப சகஜம், டிசம்பர்ல நாலு மணிக்கு இருட்டிடும், ஆபீஸ் முடிஞ்சு வந்து ஓட்டலாம்ங்கற கனவு அதோட போச்சு. இருக்கிற லாயத்துக்கு "சொந்த உபயோகம் மட்டும்"னு கண்டிஷன் இருந்தா அடுத்தவங்க குதிரைய காசுக்கு கட்டி வச்சு மார்ட்கேஜ் கடன்ல கொஞ்சம் கழிக்கலாம்னு போட்ட கணக்கும் ஓடாது.

பிப்ரவரில போங்க, மம்பட்டியோட போங்க

ஜூன்ல இங்கிலாந்துல எந்த நிலத்தப் பாத்தாலும் சொர்க்கம்தான். விக்கிறவங்களுக்கும் அது தெரியும், அதான் போட்டோ எல்லாம் மே ஜூன்ல எடுக்கிறாங்க. நீங்க பாக்க வேண்டியது ஜனவரி பிப்ரவரி, ரெண்டு மூணு நாள் மழை பெஞ்ச அடுத்த நாள். நேரம் அமையலன்னா, சம்மர்லயே கண்டுபிடிக்கவும் வழி இருக்கு.

நிலத்துல கொத்து கொத்தா கரும்பச்சையில, நம்ம ஊரு கோரை மாதிரி விறைப்பா நிக்கிற ரஷ்னு ஒரு செடி இருக்கான்னு பாருங்க, இருந்தா கீழ தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் ஓனர்ட்ட கேட்டுட்டு மம்பட்டியால ஒரு அடி ஆழம் வெட்டுங்க, கேட்டுக்கு பக்கத்துல ஒண்ணு, நிலத்தோட தாழ்வான மூலையில ஒண்ணு. மண்ண கையில எடுத்து கொஞ்சம் ஈரமாக்கி உருட்டுங்க. உருட்டி நீட்டி வளையமா வளைச்சாலும் ஒடையாம நின்னா நல்ல கெட்டியான களிமண். உதிர்ந்துட்டே இருந்தா மணல். வெட்டுன குழியோட பக்கவாட்டுல மண்ணு சாம்பல் நீலமா, நடுநடுவுல துரு கலர்ல திட்டு திட்டா இருந்தா வருசத்துல பல மாசம் அங்க தண்ணி தேங்கி நிக்குது, ஓனர் "இங்க தண்ணியே நிக்காது சார்"னு சொன்னாலும் மண்ணு பொய் சொல்லாது. போறதுக்கு முன்னாடியே சாயில்ஸ்கேப்ஸ்னு ஒரு ஃப்ரீ மேப் இருக்கு, போஸ்ட் கோட் போட்டா அந்தப் பகுதி மண் வகை வரும். என்விரான்மெண்ட் ஏஜென்ஸியோட வெள்ள அபாய மேப்பும் ஃப்ரீதான்.

சசெக்ஸ், சர்ரி, கென்ட்டுக்கு நடுவுல வீல்டுன்னு சொல்ற பகுதி பாக்க அவ்ளோ அழகு, லண்டனுக்கு ட்ரெய்னும் இருக்கு, மர பார்ன்களுக்கும் பேர் போனது, ஆனா நிறைய இடத்துல கனமான களிமண். அரை டன் குதிரை நாலு காலால அத மிதிச்சா நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கேட்டாண்ட முழங்கால் சேறு. ரேஸ் குதிரைங்க இருக்கிற லாம்போர்னும் நியூமார்க்கெட்டும் சுண்ணாம்புப் பாறை மேல இருக்கிறது தற்செயல் இல்ல, அங்க தண்ணி கீழ இறங்கிடும், மேல தரை நிக்கும். களிமண் நிலத்த வாங்கவே கூடாதுன்னு சொல்லல, வாங்குனா குளிர்காலத்துல குதிரைய விட்டு வைக்க கல்லு போட்டு கெட்டியாக்குன ஒரு முற்றம் வேணும், அதுக்கும் அனுமதி வேணும், அந்தச் செலவ விலையில கழிச்சுப் பேசுங்க.

எத்தனை ஏக்கர் வேணும்? அரசாங்கத்தோட குதிரை நலக் குறிப்புல வெளித் தீவனம் இல்லாம மேய ஒரு குதிரைக்கு அரை ஹெக்டேர்லேர்ந்து ஒரு ஹெக்டேர் வரைக்கும்னு இருக்கு, அதாவது சுமார் ஒண்ணேகால் ஏக்கர்லேர்ந்து ரெண்டரை ஏக்கர். குதிரை கூட்டமா வாழுற ஜீவன், தனியா ஒண்ண வச்சா ஏங்கிப் போயிடும், அப்ப ரெண்டு குதிரைன்னு வச்சுக்கங்க, ரெண்டரைலேர்ந்து 5 ஏக்கர். 1 ஏக்கர்ல குதிரைன்னு விளம்பரம் வந்தா அது குதிரை நிக்கிற இடம், மேயுற இடம் இல்ல.

ரொம்ப நல்ல புல்லும் ஆபத்துதான்னு சொன்னா சிரிப்பீங்க. முன்னாடி பால் பண்ணையா இருந்த நிலம்னா மாட்டுக்காக ரை கிராஸ் விதைச்சு உரம் போட்டு வளத்திருப்பாங்க, அதுல சர்க்கரை ஜாஸ்தி, அத வயிறு முட்ட மேஞ்ச போனிங்கற குட்டைக் குதிரைக்கு லாமினைட்டிஸ்னு குளம்புக்குள்ள வீக்கம் வந்து நிக்கவே முடியாம போகும். குட்டைப் போனி வாங்கப் போறவங்க, முன்னாடி நிலத்துல என்ன விதைச்சாங்க, எப்ப உரம் போட்டாங்கன்னு கேட்டு வச்சுக்கங்க, நோஞ்சானா இருக்கிற பழைய புல்லுதான் அதுங்களுக்கு நல்லது.

அடுத்து வேலியோரமா ஒரு முழு சுத்து நடங்க. நடக்கும்போது கீழயும் பாக்கணும் மேலயும் பாக்கணும். கீழ ராக்வொர்ட்னு ஒரு களை, ஜூலைக்கு மேல மஞ்சப் பூ பூக்கும், பச்சையா இருக்கும்போது கசப்புன்னு குதிரை பெரும்பாலும் தொடாது, ஆனா வெட்டி காஞ்சு ஹேயோட கலந்துட்டா கசப்பு கொறஞ்சு சாப்ட்டுடும், விஷம் அப்படியே இருக்கும், கொஞ்சம் கொஞ்சமா ஈரல கெடுத்து வெளிய தெரியும்போது லேட் ஆயிடும். அதுக்குன்னே 2003-ல தனிச் சட்டம் போட்டிருக்காங்க. மேல சைக்கமோர் மரம், இதுதான் எனக்கு ராக்வொர்ட்ட விட பயம். இலையுதிர் காலத்துல றெக்கை வச்ச விதை சுத்தி சுத்தி விழும், காத்துல பக்கத்து வயலுக்கும் போகும், வசந்தத்துல குட்டிச் செடியா முளைக்கும், விதையும் நாத்தும் ரெண்டுமே குதிரையோட தசைய அழிக்கிற விஷம், வந்தா பெரும்பாலும் ரெண்டு மூணு நாள்ல கதை முடிஞ்சுரும். மரம் உங்க நிலத்துல இல்லாம பக்கத்து வீட்டுல இருந்தா வெட்டவும் முடியாது, மரத்துக்கு பாதுகாப்பு ஆணை இருந்தா சொந்த மரத்தையும் கேக்காம தொட முடியாது. யூன்னு ஒரு மரம், அதுல ஒரு கைப்பிடி இலையே குதிரை சாகப் போதும், சர்ச் பக்கத்து நிலம்னா பெரும்பாலும் இருக்கும், பாருங்க. ஓக் மரம் அழகுதான், அக்டோபர்ல கொட்டுற காய பொறுக்கணும் இல்ல வேலி போட்டு மறைக்கணும்.

முள்கம்பி வேலி இருந்தா எடுத்துரணும், மாட்டுக்கு ஓகே, குதிரைக்கு தோல் கிழிஞ்சுரும். மரக்கட்டை வேலிதான் நல்லது, விலை ஜாஸ்தி, பாதி பேரு அதோட உள்பக்கமா கரண்ட் டேப் ஓட விடுவாங்க.

தண்ணி, ஹே, லத்தி, வண்டிப் பாதை

ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25லேர்ந்து 50 லிட்டர் தண்ணி குடிக்கும். நிலத்துக்கு பைப் வருதா, வீட்டுலேர்ந்து பக்கெட்ல தூக்கணுமான்னு பாருங்க, ஜனவரில பைப் உறைஞ்சு போற நாளையும் நெனச்சுக்கங்க. போர்வெல் இருந்தா நாளைக்கு 20,000 லிட்டர் வரைக்கும் எடுக்க லைசென்ஸ் வேணாம், ஆனா தண்ணிய டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வாங்குங்க, அத நீங்களும்தான் குடிக்கப் போறீங்க.

500 கிலோ குதிரை நாளைக்கு சுமார் 10 கிலோ ஹே சாப்பிடும், குளிர்கால ஆறு மாசத்துக்கு ஒரு குதிரைக்கு ரெண்டு டன் கிட்ட. அத அடுக்கி வைக்க மழை படாத இடம் வேணும், நெருப்பு பயம் இருக்கிறதால லாயத்த விட்டும் வீட்ட விட்டும் தள்ளி இருக்கணும். லாயம் ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி, பெரிய ஜாதின்னா 12க்கு 14. பழைய மாட்டுக் கொட்டகைய லாயம்னு சொல்லி காட்டுவாங்க, டேப் எடுத்துட்டுப் போங்க, வாசல் நாலடி அகலம் இல்லன்னா குதிரையோட இடுப்பெலும்பு இடிச்சுக்கும்.

அப்புறம் லத்தி. ஒரு குதிரை நாளைக்கு 20 கிலோவுக்கு மேல போடும், ரெண்டு குதிரைக்கு வருசத்துக்கு 14 டன் தாண்டிடும், போட்டோவுல இத யாரும் காட்ட மாட்டாங்க. நிலத்துல விட்டா புழு பெருகும், அதனால தினம் பொறுக்கணும், பொறுக்குனத குவிக்க இடம் வேணும், ஓடை வாய்க்காலேர்ந்து 10 மீட்டர், கிணறு ஊத்துலேர்ந்து 50 மீட்டர் தள்ளி. நம்ம அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்து பாத்தா முதல்ல கேக்குறது, இவ்ளோ வேலை செய்யறதுக்கு ஒரு மாடு வச்சா பாலாவது வருமேன்னுதான், அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல.

பாதை விஷயத்த, பத்திரம் பாக்குற வக்கீல், அதான் சொலிசிட்டர்ட்ட தெளிவா கேளுங்க. ரோட்டுலேர்ந்து வீட்டுக்கு வர்ற மண் பாதை உங்க பேர்ல இருக்கா, இல்ல பக்கத்து பண்ணைக்காரர் பாதையில போக உரிமை மட்டுமா, அந்த உரிமை "விவசாயத்துக்கு மட்டும்"னு எழுதி இருந்தா குதிரை லாரி போறதுக்கு நாளைக்கு அவர் தகராறு பண்ணலாம். பழுது பாக்குற செலவுல யாருக்கு எவ்ளோ பங்கு? ஹே லாரி திரும்புற அளவு இடம் இருக்கா?

நிலத்துக்கு நடுவுல பொது நடைபாதை போகுதான்னும் பாருங்க. ஃபுட்பாத்னா ஊர்ச் சனம் நாயோட உங்க குதிரைக்கு நடுவுல நடந்து போவாங்க, கேரட் குடுப்பாங்க, குதிரை ஒரு உதை விட்டா கேஸ் உங்க மேல, 1971 விலங்குச் சட்டத்துல ஓனர் பொறுப்பு கடுமை, அதனால மூணாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம் போடுங்க, பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியோட கோல்டு மெம்பர்ஷிப்லயே அது சேந்து வருது. அதுவே பிரைடில்வே பக்கத்துல இருந்தா நல்ல சேதி, அதுல குதிரை ஓட்டலாம், ஃபுட்பாத்ல ஓட்டுற உரிமை கிடையாது. பிரைடில்வேயே இல்லாம 60 மைல் ஸ்பீடு ரோடு மட்டும் இருக்கிற இடத்துல பொண்ண குதிரையில அனுப்புவீங்களா? 2022-ல ஹைவே கோடுங்கற ரோட்டு விதிய மாத்தி குதிரைய 10 மைல் வேகத்துக்குள்ள, 2 மீட்டர் தள்ளி தாண்டணும்னு போட்டாங்க, எத்தனை டெலிவரி வேன்காரருக்கு அது தெரியும்ங்கறது வேற விஷயம்.

இப்ப வீட்டுக்குள்ள வாங்க

வேலைய முடிச்சதுக்கான பில்டிங் ரெகுலேஷன் சர்ட்டிஃபிகேட், பிளானிங் கண்டிஷன் எல்லாம் நிறைவேத்துனதுக்கு கவுன்சில் கடிதம், புதுசா மாத்துன வீடுன்னா 10 வருச வாரண்டி, இந்த மூணும் இல்லன்னா மார்ட்கேஜ்காரங்களே கைய விரிச்சுடுவாங்க. சில பேங்க் நிலம் சில ஏக்கருக்கு மேல போனாலே குடுக்க மாட்டாங்க, பண்ணை வீடு தெரிஞ்ச புரோக்கரா பாருங்க. "விவசாய வேலை பாக்குறவங்கதான் குடியிருக்கலாம்"னு கண்டிஷன் இருந்தா ஐடி வேலை பாக்குற நமக்கு அந்த வீடு இல்ல, விலை கம்மியா இருக்கேன்னு ஆசப்படாதீங்க. ஓவரேஜ்னு ஒரு ஷரத்து இருக்கும், பின்னால அந்த நிலத்துல வீடு கட்ட அனுமதி கெடச்சா லாபத்துல ஒரு பங்கு பழைய ஓனருக்கு, எத்தனை வருசத்துக்கு எத்தனை பர்சென்ட், ஒரு லாயம் கட்டுனாலும் அது கிளம்புமான்னு வார்த்தை வார்த்தையா படிக்கச் சொல்லுங்க.

கட்டடத்துல முக்கியமா ஈரம். பழைய கல்லு, செங்கல் சுவர் சுண்ணாம்புக் காரைல கட்டுனது, ஈரத்த உள்ள இழுத்து வெளிய விடும். அது மேல சிமெண்ட் பூசி அடைச்சிருந்தா ஈரம் வெளிய போக வழி இல்லாம உள்பக்கம் வரும், உத்தரத்தோட நுனி சுவருக்குள்ள போற இடம்தான் முதல்ல உளுத்துப் போகும். அங்க கத்தி முனையால லேசா குத்திப் பாருங்க. ரெண்டு மாடி உயர ஹால்ல சூடெல்லாம் மேல போயி நின்னுக்கும், நீங்க கீழ ஸ்வெட்டரோட உக்காந்திருப்பீங்க, தரைக்கடி ஹீட்டிங் இருந்தா கொஞ்சம் பரவால்ல. பெரும்பாலும் கேஸ் லைன் இருக்காது, ஆயில் டேங்க்தான், ஹீட் பம்புக்கு மாத்துனா பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்ல 7,500 பவுண்ட் குடுக்கறாங்க. ஜன்னல் கம்மியா இருக்கும், கொட்டகை தோற்றம் கெடக் கூடாதுன்னு கவுன்சில் பெருசா வைக்க விடாது, பின்னால நீங்களும் வைக்க முடியாது.

செப்டிக் டேங்க் எங்க போயி முடியுதுன்னு கேளுங்க. ஓடையில நேரா விடுறது இப்ப சட்டவிரோதம், அப்படி இருந்தா சரி பண்ணியாகணும். கொட்டகையா இருந்த இடம்ங்கறதால வௌவால் குடியிருக்கலாம், ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட உயிரினம், கூரை வேலைக்கு சர்வே, லைசென்ஸ்னு போகும், அந்த சர்வேயும் மே மாசத்துலேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் ஒழுங்கா நடக்கும். பக்கத்துல இன்னும் நடக்கிற பண்ணை இருந்தா ஆகஸ்ட்ல தானியம் காய வைக்கிற மெஷின் ராத்திரி முழுக்க ஓடும், ஸ்லரின்னு சாணிக் கரைசல வயல்ல அடிக்கிற வாரத்துல துணி காயப் போட முடியாது. இதெல்லாம் குறை சொல்றதுக்கு இல்ல, அவங்க நமக்கு முன்னாடியே அங்க இருக்காங்க.

வரி

வீட்டோட நிலமும் சேந்து வர்றதால இது "கலப்பு சொத்து", ஸ்டாம்ப் டியூட்டி கம்மின்னு சொல்லி கமிஷனுக்கு ஆள் வருவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 2025 ஏப்ரலுக்கு அப்புறம் இருக்கிற ரேட்டுல 900,000 பவுண்ட் வீட்டுக்கு சாதாரண வரி 35,000, கலப்பு சொத்துன்னா 34,500. வித்தியாசம் 500 பவுண்ட், அதுக்குப் போயி வரி ஆபீஸோட மல்லுக்கட்டணுமா? விலை 925,000 தாண்டுனாதான், இல்ல ரெண்டாவது வீடா வாங்குனாதான் பெரிய வித்தியாசம் வரும், அந்த இடத்துலதான் அவங்களும் உத்துப் பாப்பாங்க. சொந்தக் குதிரை மேயுற பேடாக்க வீட்டோட சேந்த நிலம்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க, ஒரு விவசாயி உண்மையாவே காசு குடுத்து குத்தகைக்கு மேய்ச்சா கதை வேற.

ரெடியா இருக்கிற வீடு வாங்காம கொட்டகையவே வாங்கி நீங்களே மாத்துறதா இருந்தா, வீடாக்குற வேலைக்கு காண்ட்ராக்டர் 20 இல்ல 5 பர்சென்ட் வாட் வரிதான் போடணும், அந்த 5ஐயும் சொந்தமா கட்டுறவங்க ஸ்கீம்ல திரும்ப வாங்கலாம், வேலை முடிஞ்ச 6 மாசத்துக்குள்ள கிளெய்ம் பண்ணணும். காண்ட்ராக்டர் 20 போட்டு பில் குடுத்துட்டா வரி ஆபீஸ் அந்த அதிகத்த தராது, அவர்கிட்டதான் திருத்தி வாங்கணும், அதனால முதல் பில்லுலயே பாருங்க. லாயத்துக்கும் வேலிக்கும் இந்தச் சலுகை இல்ல.

எல்லாம் முடிஞ்சு சாவி வந்துருச்சுன்னா அன்னைக்கே குதிரைய இறக்காதீங்க. வேலி பூரா ஒரு தடவ கையால ஆட்டிப் பாத்து, ராக்வொர்ட்ட வேரோட புடுங்கி, கையுறை போட்டுக்கங்க, கரண்ட் டேப்ப ஓட விட்டு அப்புறம் கொண்டு வாங்க. காசுக்கு குதிரைய பாத்துக்கிற லிவரி யார்டுல ஹே சாப்ட்டுட்டு இருந்த குதிரைய வசந்தகாலப் புல்லுல நாள் பூரா அவுத்து விட்டா வயித்து வலியும் லாமினைட்டிஸும்தான் வரும், முதல்ல கொஞ்ச நேரம், வாரக் கணக்குல கூட்டிக்கிட்டே போங்க. வாங்குற குதிரைக்கு பாஸ்போர்ட் இருக்கணும், மைக்ரோசிப் 2020 அக்டோபர்லேர்ந்து கட்டாயம், பாஸ்போர்ட்ல ஓனர் பேர 30 நாளுக்குள்ள மாத்தணும். லாடம் அடிக்கிறவர் ஆறுலேர்ந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரணும், அந்தப் பக்கம் நல்ல ஆளுங்க புது கஸ்டமர சட்டுனு எடுக்க மாட்டாங்க, வீடு பாக்கப் போற அன்னைக்கே பக்கத்து கிராமத்துல யாரு, வெட் எவ்ளோ தூரம்னு விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கங்க.